பரணில் இருந்த வினைச்சொற்கள்

கும்பகோணத்து வீட்டைக் காலி செய்கிறோம். மூன்று நாளாகப் பரணைத் துழாவி, கிடைத்ததையெல்லாம் முற்றத்தில் பரப்பியாயிற்று. அத்தை ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். 84 வயது. எதையும் எடுத்து வைக்கச் சொல்லவில்லை. எதையும் தூக்கிப் போடவும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு முடித்த அவளுடைய பேரன், ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து இன்னது என்று தானே ஊகித்துச் சொல்கிறான். அநேகமாகத் தப்பு. நான் திண்ணையில், இந்த நோட்டோடு.

*

முதலில் அகப்பட்டவை இரண்டு தகரக் கூம்புகள். அடியில் அகன்று, உச்சியில் மூடியவை. புனல் என்றான். நுனியில் ஓட்டை இல்லாததைப் பார்த்துவிட்டு, பிறந்தநாள் குல்லாய் என்று மாற்றிக்கொண்டான். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பருப்புத் தேங்காய்க் கூடுடா அது. உங்கம்மா கல்யாணத்துக்கு இதுலதான் பிடிச்சோம்."

உள்ளே நெய் தடவி, வெல்லப் பாகில் கடலையைக் கலந்து, சூடு ஆறுமுன் அடைத்து, இறுகியபின் கவிழ்த்து எடுப்பது. எப்போதும் ஜோடியாகத்தான். அதில் பருப்பும் இல்லை, பல வீடுகளில் தேங்காயும் இல்லை. பெயரை வைத்து ஊகித்திருந்தாலும் பையன் தோற்றிருப்பான். ஆனால் "பிடிச்சோம்" என்றபோது அத்தையின் இரண்டு உள்ளங்கைகளும் இல்லாத கூம்பு ஒன்றை இறுக்கி அமுக்கின. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

*

இரும்புக் குழாய். கண்ணில் வைத்துத் தூரத்தைப் பார்த்தான். ஒரு முனை கரி ஏறிக் கறுத்திருக்கிறது. மறுமுனை உதடு பட்டுப் பட்டு வழவழப்பாகி இருக்கிறது. ஊதுகுழலுக்கு வேறு சாட்சி எதற்கு?

அதற்குப் பிறகு தேய்மானத்தை முதலில் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மூன்று கால்களும் தலையில் திருகும் கொண்ட பித்தளைக் கருவியை அவன் மைக்ராஸ்கோப் என்றான். திருகின் இரு கைப்பிடிகளும் பொன்னாய்ப் பளபளத்தன. கால்களில் ஒன்றின் மேல் மட்டும் இன்னொரு கை அழுத்திப் பிடித்த தடம். அப்படியானால் இது இருவர் வேலை. சேவை நாழி. அரிசி மாவைக் கொழுக்கட்டையாக வேகவைத்து, ஆவி பறக்கும்போதே உள்ளே போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் திருகு நகராது. பிழிகிறவருக்குத் தோள் போகும், பிடிக்கிறவருக்கு விரல் சுடும். இந்த வீட்டில் பிழிந்தது பெரியத்தை, பிடித்தது இவள். பெரியத்தை போன பிறகு நாழி பரணுக்குப் போயிருக்கிறது.

*

ஆழாக்கைப் பென் ஸ்டாண்ட் என்றான். அதைத் தப்பென்று சொல்ல மனம் வரவில்லை. சென்னையில் எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் அது பேனாதான் சுமக்கிறது. மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்தது 1956இல். அத்தை இன்றைக்கும் அரிசியை ஆழாக்கில்தான் அளக்கிறாள். 8 ஆழாக்கு ஒரு படி. தலை தட்டி அளப்பதும் கோபுரமாக அளப்பதும் வேறு வேறு என்பது சட்டத்தில் இல்லாத விஷயம். வீட்டுக்கு வந்தவர் யார் என்பதைப் பொறுத்தது.

*

முறத்தை அவன் ஊகிக்கவே இல்லை. "இது தெரியுமே, முறம்." தெரிந்த பொருள் என்று நானும் தள்ளிவைத்தேன். அத்தை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். காலி முறம்தான். மணிக்கட்டை மேலே வெட்டித் தூக்கினாள்: புடைப்பது, உமி பறக்கும். முன்னும் பின்னுமாக ஆட்டினாள்: கொழிப்பது, நொய் ஒதுங்கும். பக்கவாட்டில் மெல்ல அலைத்தாள்: நேம்புவது, கல் தனியாகும். தெள்ளுவது என்று இன்னொன்றும் உண்டு. அதைக் காட்டத் தொடங்கி, கை வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டாள்.

முறம் எங்கேயும் போய்விடவில்லை. பிளாஸ்டிக்கில் கூடக் கிடைக்கிறது. போனது அந்த நான்கு வினைகள். நாங்கள் காலையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். கேட்டிருக்க வேண்டியது வினையை.

நோட்டில் எழுதிப் பார்க்கிறேன். நெல்லைக் குத்துவது. மிளகாயை இடிப்பது. உளுந்தை ஆட்டுவது. துவையலை அரைப்பது. பயறை எந்திரத்தில் உடைப்பது, மாவைத் திரிப்பது. சீரகத்தை நுணுக்குவது. கீரையை மசிப்பது. மோரைக் கடைவது. ஒவ்வொரு வினைக்கும் ஒரு கல், ஒரு மரம், உடம்பில் ஒரு வளைவு. அம்மிக்கு முன்னும் பின்னும் போகும் தோள், ஆட்டுக்கல்லுக்கு வட்டமிடும் கை, உலக்கைக்கு இடுப்பு. ஒன்றுக்கு மற்றொன்றைச் சொன்னால் அத்தைக்குக் காது கூசும். என் வீட்டில் மிக்ஸி வந்தபிறகு எல்லாம் ஒரே சொல்: "ஒரு அடி அடிச்சுடு."

இதற்காகக் கண்ணீர் விடுகிறவன் இல்லை நான். ஆட்டுக்கல்லை என்ன செய்யலாம் என்று கேட்டபோது அத்தை சொன்ன பதில்: "அதை என் கண்ணுல காட்டாதே." விடிகாலையில் நாலு படி ஆட்டியவளுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலிருந்து உரலை வாங்கிப்போய்ப் பூந்தொட்டி ஆக்குகிறவர்கள் அவளைக் கேட்கலாம்.

*

ஈயச் சொம்பு தனிக் கதை. வெள்ளி போலிருக்கும்; தட்டினால் மொத்தையாக ஒலிக்கும். இதில் ஊகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பை மூட்ட வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை சொம்பின் சூடு கொதிநிலையைத் தாண்டாது. கல்யாணமான புதிதில் என் மனைவி இது தெரியாமல் காலிச் சொம்பைக் காஸ் அடுப்பில் வைத்துவிட்டுப் புளி எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது பர்னரைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு குட்டை. முதல் தீபாவளிக்கு அவள் அம்மா கொடுத்த சொம்பு. ஊற்று, பிறகு மூட்டு: இரண்டு வினைகளின் வரிசை மாறினால் பாத்திரமே இல்லை.

*

மத்தியானம் பழைய பாத்திரக்காரர் எலெக்ட்ரானிக் தராசோடு வந்தார். எல்லாப் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. கெண்டி, அடுக்கு, உருளி, வெண்கலப் பானை, தூக்கு. ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. பெயர் சொன்னதும் பித்தளையா வெண்கலமா என்று பிரித்து வைத்தார். அதற்குமேல் அவருக்குத் தேவைப்படவில்லை. இப்படி எடைக்குப் போய் உருகிவிடுமே என்றுதான் அகமதாபாதில் சுரேந்திர படேல் பாத்திரங்களைச் சேர்த்து, 1981இல் அவற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்தார். இந்த வீட்டில் அந்த வசதி இல்லை. தராசுதான்.

*

கடைசியில் ஒரு துணி முடிச்சு. உள்ளே கையகலத்துக்கும் சிறியதாய், நீண்ட மூக்கோடு, ஒரு வெள்ளிக் கிண்ணம். பையன் இந்த முறை தயங்கவே இல்லை. "விளக்கு. மூக்குல திரி போடணும்." நல்ல ஊகம். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"பாலாடை," என்றாள் அத்தை. அவனுக்குப் பாலின் மேல் படியும் ஏடு மட்டும்தான் தெரியும். "குழந்தைக்குப் பால் புகட்டறது."

புகட்டு. நான் அறிவையும் பாடத்தையும்தான் புகட்டி எழுதியிருக்கிறேன். இந்த மூக்கைச் சிசுவின் கடைவாயில் வைத்து, விழுங்க விழுங்கச் சொட்டுச் சொட்டாய்ச் சாய்ப்பதற்கு இருந்த சொல் அது. பரணில் இறந்துபோன வினை என்று எழுதப்போனேன். நல்லவேளை, அவன் அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். குறைமாதத்தில் பிறந்து உறிஞ்சத் தெரியாத குழந்தைகளுக்கு, ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில்தான் கொடுக்கிறார்கள். வெள்ளிக்குப் பதில் எவர்சில்வர், வெந்நீரில் கொதிக்க வைத்தது. நர்ஸ்கள் சொல்வதும் அதே சொல்தான்: அவசரப்படாமல் புகட்டுங்கள்.

அவள் அதைப் பதினாறு நாள் செய்தாள். இவன் எட்டாம் மாதத் தொடக்கத்தில் பிறந்தான். 1,600 கிராம்.