திருப்பிச் சொன்னது காதில் விழுந்ததா?

கெலாங் பாத்தாவில் கடை வைத்திருக்கிற நமக்கு ஆகாய விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சகோதரர்கள் கேட்கலாம். ஒன்றும் தெரியாது. ஆனால் வாயால் சொன்னதைக் காதால் கேட்டு, அதை நம்பிச் சரக்கையும் பணத்தையும் கை மாற்றுகிறவர்கள் நாம். விமானம் ஓட்டுகிறவரும் அப்படித்தான் பிழைக்கிறார். அவருக்கு அதில் தவறினால் உயிர் போகிறது. நமக்குப் பெரும்பாலும் பணம்தான் போகிறது.

1989-ஆம் வருஷம் பிப்ரவரி 19-ஆம் தேதி அதிகாலை. 'பிளையிங் டைகர்' கம்பெனியின் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்டது. சிப்பாங் நிலையம் 1998-இல்தான் வந்தது. அந்நாளில் சுபாங்தான் தலைநகரத்தின் பெரிய விமான நிலையம். விமானம் நெருங்கியதும், தரையிலிருந்து வழி சொல்லும் உத்தியோகஸ்தர், 2400 அடிக்கு இறங்கலாம் என்பதை எண் எண்ணாகப் பிரித்து, "டூ போர் ஸீரோ ஸீரோ" இறங்குங்கள் என்று இங்கிலீஷில் சொன்னார். அந்தப் பாஷையில் இரண்டு என்ற எண்ணும் 'டூ'. 'இவ்வளவுக்கு' என்று காட்டுகிற சிறு சொல்லும் காதுக்கு 'டூ' மாதிரியேதான். விமானி அதை நானூறுக்கு இறங்கு என்று கொண்டார். "ஓகே, போர் ஸீரோ ஸீரோ" என்று திருப்பியும் சொன்னார். தரையிலிருந்தவர் திருத்தவில்லை. பூச்சோங் அருகே ஒரு குன்றில், சுமார் 437 அடி உயரத்தில் விமானம் மோதியது. உள்ளே இருந்த நால்வரும் மாண்டனர்.

குற்றம் யாருடையது? 'இரண்டாயிரத்து நானூறு' என்று முழுசாகச் சொல்லாதவருடையதா? எண்ணைப் பாதியாகக் கேட்டவருடையதா? தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கும் கருவி விமானத்துக்குள் சப்தமிட்டும் அவர்கள் மேலே ஏறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனினும் நம் மனம் நிற்கிற இடம் வேறு. தப்பான எண் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லப்பட்டது. அதைப் பிடிக்கவென்றே ஒருவர் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சில விநாடியில் பிழை யார் கையில் இருந்தது?

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. உஸ்தாத் ஓதிக் கொடுப்பார். நாம் திருப்பி ஓதுவோம். அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். ஒரு நெடில் குறிலானால் போதும், பிரம்பு ரேஹாலில் தட்டும். ஓதிக் கொடுப்பதில் பாதி வேலைதான் முடிகிறது. திருப்பி ஓதுவதைக் கேட்பதில் மற்றப் பாதி. உஸ்தாத் அயர்ந்துவிட்டால் பிள்ளையின் பிழை பாடமாகவே நிலைத்துவிடும், அதுவும் 'உஸ்தாத் கேட்டுச் சரி சொன்னார்' என்கிற அத்தாட்சியோடு.

அப்படியானால் சரியாகத் திருப்பிச் சொன்னால் போதுமா என்றால், அதுவும் போதவில்லை. 1996 நவம்பர் 12-ஆம் தேதி, டில்லிக்கு மேற்கே ஹரியானாவிலுள்ள சர்க்கி தாத்ரியின் மேலே, சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டார்கள். பிழைக்கப் போன நம் நாட்டுத் தொழிலாளிகள் எத்தனையோ பேர் அதிலே. கஜகஸ்தான் விமானத்துக்கு 15000 அடியில் நிற்கச் சொல்லியிருந்தது; எதிரே வந்தது 14000-இல். வானொலியில் பதில் சொன்னவர் ஒருவர், விமானத்தைச் செலுத்தினவர் வேறொருவர். பதில் சரியாகத்தான் வந்தது. விமானம் மட்டும் அதற்குக் கீழே இறங்கிவிட்டது. விமானிகளுக்கு இங்கிலீஷ் போதாமல் இருந்ததும் விசாரணையில் பேசப்பட்டது. டெலிபோன் எடுக்கிற ஆள் ஒருவர், லாரியில் ஏற்றுகிற ஆள் வேறொருவர் என்று கடை நடத்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் கொடியது 'ஓகே' என்ற சொல். 1977 மார்ச் 27-ஆம் தேதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீப் தீவில் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். டச்சு விமானத்திலிருந்து, கிளம்புகிற நிலையில் இருக்கிறோம் என்கிற பொருளில் ஏதோ சொன்னார்கள். கோபுரத்திலிருந்தவர் "ஓகே" என்றார். சற்றுப் பொறுத்து, காத்திருங்கள், கூப்பிடுகிறேன் என்றார். அதே கணத்தில் அமெரிக்க விமானமும் பேசவே, இரண்டு குரலும் மோதி வெறும் கீச்சொலியாயிற்று. டச்சு விமானத்துக்குத் தெளிவாகக் கேட்டது அந்த 'ஓகே' மட்டுமே. 583 உயிர். கிளம்புவதற்கான அந்த இங்கிலீஷ் சொல்லை, உண்மையாகவே உத்தரவு கொடுக்கும்போதோ, கொடுத்ததை ரத்துச் செய்யும்போதோ அன்றி வேறெப்போதும் உச்சரிக்கலாகாது என்று பிற்பாடு ஏற்பாடு செய்தார்கள்.

நம்முடைய 'ஓகே' ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். போன வருஷம் ஜொகூர் பாருவிலுள்ள ஒரு மொத்தக் கடைக்கு டெலிபோனில் வெங்காயம் சொன்னோம். எம்பாட் பெலாஸ், பதினாலு மூட்டை. எடுத்த மலாய்ப் பையன் ஏதோ திருப்பிக் கேட்டான். எதிரே ஒருவர் சில்லறைக்கு நின்றார். "யா, யா" என்று வைத்துவிட்டோம். வந்து இறங்கியது நாற்பது மூட்டை. நாம் தவுக்கேயைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டோம். அவர் விலையைக் குறைத்துக்கொண்டார். குறைத்ததைப் பையன் சம்பளத்தில் பிடித்தார் என்று பிறகு தெரிந்தது. நாம் நியாயஸ்தராகத்தான் அன்றிரவு படுத்தோம்.

மறுநாள் மகன் சொன்னான்: "அத்தா, டெலிபோன் ஸ்பீக்கரில்தானே இருந்தது. அவன் எம்பாட் புலோ என்று கேட்டான். நீங்கள்தான் யா, யா என்றீர்கள்."

உடனே போயிருக்கலாம். வெட்கத்தில் பத்து நாள் தள்ளினோம். பிறகு தவுக்கேயிடம் நேரில் போய் உள்ளதைச் சொல்லி, குறைத்த பணத்தை மேஜையில் வைத்தோம். அவர் எண்ணிப் பாதியைத் திருப்பித் தள்ளினார். பையன் சென்ற வாரமே நின்றுவிட்டான் என்றார். எந்த ஊர் என்று கேட்டோம். கூலாய் பக்கம் என்றார், சரியாகத் தெரியாது என்றார். அந்தப் பணம் இன்னும் நம் பெட்டியில் தனியே கிடக்கிறது. இத்தனை நாள் அவனோடு டெலிபோனில் பேசியும், அவன் பெயரை நாம் ஒரு தடவை கூடக் கேட்டு வைத்ததில்லை.