அறிவின் பின்னால் நிற்பவர்கள்

ஒரு கல்விக்கூடத்தின் வாயிலில் நுழையும்போது முதலில் நம் கண்ணில் படுவது கல்வெட்டு. கட்டடம் எழப் பொருள் தந்தவர் யார், திறந்து வைத்தவர் யார், தலைமை ஏற்றவர் யார் என்று அது வரிசையாகச் சொல்லும். ஆய்வு நூலைப் பிரித்தாலும் அப்படியே. ஆய்ந்தவர் பெயர் முகப்பிலேயே இருக்கும். யாருடைய உடலையும் வாழ்வையும் துயரையும் ஆய்ந்து அந்த அறிவு திரட்டப்பட்டதோ, அவர்களுடைய பெயர் மட்டும் எங்கும் இராது. அட்டவணையில் ஓர் எண்ணாக அவர்கள் நிற்பார்கள். அப்படியானால், ஓர் ஆய்வு மையத்தின் பின்னால் நிற்பவர்கள் யார் என்ற கேள்விக்கு நாம் எவரைச் சுட்டுவது?

இது வெறும் மரியாதையைப் பற்றிய கேள்வி அன்று. அறிவின் தூய்மையைப் பற்றிய கேள்வி. நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தார்கள். ஹதீஸ் கலை வல்லுநர்கள், ஒரு செய்தி என்ன சொல்கிறது என்று பார்ப்பதோடு அமைதி கொள்ளவில்லை. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் வாய்மையாளரா என்று ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தார்கள். அறிவிப்பாளர்களை ஆராய்வதற்கென்றே அஸ்மாவுர் ரிஜால் என்னும் தனிக்கலை வளர்ந்தது. மத்ரஸாக்களில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்றுண்டு. ஒரு ஹதீஸைக் கேட்டறிய நெடுந்தொலைவு பயணம் செய்து சென்றார் ஓர் அறிஞர். அவர் தேடிச் சென்ற மனிதரோ, விலகி ஓடிய தம் குதிரையைப் பிடிப்பதற்காக, மடியில் தீனி இருப்பதுபோல் ஏந்திக் காட்டி அதனை அழைத்துக்கொண்டிருந்தார். குதிரை நம்பி வந்தது. மடியில் ஒன்றும் இல்லை. வாயில்லாப் பிராணியை ஏமாற்றியவரிடம் ஹதீஸ் பெறுவதற்கில்லை என்று, அறிஞர் வந்த வழியே திரும்பிவிட்டாராம்.

அந்த வெறும் மடியை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கீகி என்னும் ஊரை நோக்குவோம். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற புக்கர் டி. வாஷிங்டன், 1881ஆம் ஆண்டில் தலைமையேற்றுக் கறுப்பின மக்களுக்காக வளர்த்த கல்விக்கூடம் அங்கே உள்ளது. 1985 முதல் அது பல்கலைக்கழகம் என்னும் பெயர் தாங்கி நிற்கிறது. ஆய்விலும் மருத்துவப் பணியிலும் அறநெறியைப் பேணுவதற்கான தேசிய மையம் ஒன்று 1999இல் அதன் வளாகத்தில் திறக்கப்பட்டது. பெரும்பாலான மையங்கள் ஒரு பெருமையிலிருந்து பிறக்கின்றன. இந்த மையம் ஒரு காயத்திலிருந்து பிறந்தது.

1932ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் பொதுநலச் சுகாதாரத் துறை, டஸ்கீகி அமைந்துள்ள மேக்கன் வட்டாரத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிஃபிலிஸ் என்னும் மேகநோயைச் சிகிச்சையின்றி விட்டுவிட்டால் கறுப்பின ஆண்களின் உடலில் அது என்ன செய்யும் என்று கண்டறிவதே நோக்கம். நோயுற்றவர் 399 பேர். ஒப்பிடுவதற்காக நோயற்றவர் 201 பேர். பெரும்பாலோர் பிறர் நிலத்தில் வாரத்துக்கு உழுத ஏழைகள். உங்களுக்குக் ‘கெட்ட இரத்தம்’, அதற்கு மருத்துவம் செய்கிறோம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. கொடுக்கப்பட்டவையோ ஆஸ்பிரினும் சத்து மருந்தும் போன்றவை. முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீரெடுத்தார்கள். அதற்குச் சிறப்பான இலவசச் சிகிச்சை என்று பெயர் சூட்டினார்கள். இறந்தபின் உடலை அறுத்துச் சோதிக்க இசைந்தால், அடக்கச் செலவுக்குப் பணம் தருவதாகவும் வாக்களித்தார்கள்.

சில மாதங்களுக்கென்று தொடங்கிய ஆய்வு நாற்பது ஆண்டுகள் நீண்டது. 1947ஆம் ஆண்டளவில் பென்சிலின் இந்நோய்க்கு உரிய மருந்தாக நிலைபெற்றுவிட்டது. அதுவும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது படையில் சேர்ந்தால் அங்கே மருத்துவம் கிடைத்துவிடுமே என்று, இவர்களைப் படைக்கு எடுக்காதிருக்கும்படி ஆள்சேர்ப்புக் குழுவிடம் பெயர்ப்பட்டியலும் கொடுக்கப்பட்டது. மடி வெறுமையாக இருந்தது மட்டுமன்று. வேறொரு மடியில் தீனி இருந்தபோது அந்த வழியும் அடைக்கப்பட்டது.

இதைச் செய்தவர்கள் யாவரும் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டால் நம் வேலை எளிதாகிவிடும். உண்மை அவ்வளவு எளிதன்று. டஸ்கீகி கல்விக்கூடமே தன் மருத்துவமனையை இந்த ஆய்வுக்குத் திறந்துவிட்டது. அந்த உழவர்களை நாடிச் சென்று, தம் காரில் ஏற்றிவந்து, குடும்ப நலம் விசாரித்து, இறந்தோர் வீட்டில் துக்கத்தில் பங்குகொண்டவர் யூனிஸ் ரிவர்ஸ் என்னும் கறுப்பினச் செவிலியர். அவர் அந்தக் கல்விக்கூடத்திலேயே பயின்றவர். ரிவர்ஸ் அம்மையாரின் சங்கத்தார் என்றே அம்மக்கள் தங்களைச் சொல்லிக்கொண்டார்களாம். அத்தனை அன்பு; அத்தனை நம்பிக்கை. 1958இல் அவருடைய பணிக்கு அரசு விருதும் கிடைத்தது.

அவருடைய உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். நிறவெறி ஆண்ட நாட்டில், மருத்துவரையே காணாத ஏழைகளுக்குச் சிறு கவனிப்பாவது கிடைக்கட்டுமே என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் ஒன்றை நாம் மறுக்க முடியாது. அவருடைய கனிவு இல்லையேல் அந்த ஆய்வு நாற்பது ஆண்டுகள் நீடித்திராது. அதிகாரியின் சொல்லை நம்பாத உழவன், தன் இனத்துப் பெண்ணின் சொல்லை நம்பினான். உண்மையோடு சேராத அன்பு, ஏமாற்றுபவன் கையில் எத்தகைய கருவியாகிவிடுகிறது! ஒருவர் நம் மீது வைக்கும் நம்பிக்கை நமக்குரிய சொத்தன்று; அது அமானத். உடையவரைக் கேளாமல் அதைச் செலவழிக்கும் உரிமை, நல்லவருக்கும் இல்லை.

இன்னொரு கூட்டத்தாரும் இதன் பின்னால் நின்றார்கள். அவர்கள் வாசகர்கள். இந்த ஆய்வு மறைவில் நடந்ததன்று. 1936 முதல் அதன் முடிவுகள் மருத்துவ ஏடுகளில் வெளிவந்துகொண்டிருந்தன. சிகிச்சை பெறாதவர்கள் என்ற சொல் தலைப்பிலேயே இருந்தது. கற்றவர்கள் படித்தார்கள், ஏட்டை மூடினார்கள். 1965இல் இர்வின் ஷாட்ஸ் என்னும் இளம் மருத்துவர் கண்டித்து ஒரு கடிதம் எழுதினார். அது பதிலின்றிக் கோப்பில் உறங்கியது. அதே துறையில் சிறிய பணியிலிருந்த பீட்டர் பக்ஸ்டன் என்னும் இளைஞர் 1966 முதல் முறையிட்டுப் பார்த்தார். மேலிடத்தார் குழு கூட்டி, ஆய்வைத் தொடர்வதென்றே முடிவு செய்தார்கள். இறுதியில் அவர் செய்தியாளரிடம் சென்றார். 1972 ஜூலையில் ஜீன் ஹெல்லரின் கட்டுரை நாளேடுகளில் வெளியாகி நாட்டை உலுக்கியது. அவ்வாண்டே ஆய்வு நிறுத்தப்பட்டது.

வழக்கறிஞர் ஃபிரெட் கிரே தொடுத்த வழக்கில் 1974இல் இழப்பீடு கிடைத்தது. மனிதரை ஆய்வுக்கு உட்படுத்துவதற்கு அமெரிக்காவில் அதே ஆண்டில் சட்டம் வந்தது. 1979இல் வெளியான பெல்மாண்ட் அறிக்கை, மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி ஆகிய மூன்றையும் ஆய்வின் அடிப்படைகளாக வகுத்தது. 1997 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் கிளின்டன், எஞ்சியிருந்தவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அந்த அவையில் முதியவர் ஹெர்மன் ஷா பேசினார். அடக்கச் செலவுக்குப் பணம் கொடுத்துவந்த மில்பேங்க் அறக்கட்டளை, அவர்களுடைய வழித்தோன்றல்களிடம் மன்னிப்புக் கேட்க 2022 வரை காலம் பிடித்தது.

இங்கே ஒரு வாதம் எழுவதுண்டு. அந்தக் கொடுமையால்தானே நல்ல சட்டங்கள் பிறந்தன, சிலருடைய துன்பம் பலருக்கு நன்மையாயிற்றே என்பார்கள். தீமையிலிருந்தும் நன்மையைப் பிறப்பிக்க இறைவன் வல்லவன். ஆனால் அந்த நன்மை தீமை செய்தவனுடைய கணக்கில் வரவு வைக்கப்படுவதில்லை. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பின் தொடக்கத்திலேயே நிய்யத்தைப் பற்றிய ஹதீஸை வைத்தார்கள் என்பது நாம் அறிந்ததே. விளைவு மனிதன் கையில் இல்லை. எண்ணமும், கையாளும் வழியுமே அவன் பொறுப்பில் உள்ளன. பலருக்கு நன்மை என்று சொல்லிச் சிலரைப் பலியிடும் கணக்கில், அந்தச் சிலர் எப்போதும் ஏழைகளாகவே இருப்பது ஏன்? கணக்கு எழுதுபவரின் வீட்டுப் பிள்ளை அந்தப் பட்டியலில் ஒருநாளும் இடம்பெறாதது ஏன்?

ஆகவே, டஸ்கீகி மையத்தின் பின்னால் நிற்பவர்கள் யார் என்ற கேள்விக்கு நம் விடை இது: அதனை நடத்தும் பேராசிரியர்கள் உண்டு, ஆனால் அவர்களுக்கும் முன்னே, மருந்து வரும் என்று வரிசையில் நின்ற அந்த அறுநூறு உழவர்கள் உண்டு. அவர்களே அந்த மையத்தின் இஸ்னாத். அந்தக் கண்ணியை விட்டுவிட்டால் அங்கு கற்பிக்கப்படும் அறநெறி வெறும் பாடமாகிவிடும்.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் மருத்துவமும் செவிலியமும் சமூகவியலும் பயில்கிறார்கள். நாளை அவர்களும் கையில் படிவத்தோடு ஓர் ஏழையின் வாயிற்படியில் நிற்பார்கள். அந்த ஏழை அவர்களை நம்பி, தன் நோயையும் வறுமையையும் சொல்வார். அப்போது அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை இன்றே நாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம்: நான் ஏந்திக் காட்டும் இந்த மடியில் உண்மையாகவே ஏதேனும் இருக்கிறதா? இல்லையென்றால், இல்லை என்று அந்த மனிதரிடம் சொல்லிவிட்டேனா?

கல்வியோடு அமானத்தையும் காக்கும் பேற்றினை எல்லாம் வல்ல இறைவன் நம் மக்களுக்கு அருள்வானாக!