கண்ணாடி காட்டும் முகம்

பதியின் பள்ளியறையில் சிலை இல்லை. நிலைக்கண்ணாடியும் இருபுறம் விளக்கும் உண்டு. வணங்க வருகிறவருக்கு அதில் தெரிவது அவரவர் முகமே. எந்த முகத்தையும் அந்தக் கண்ணாடி தள்ளுவதில்லை.

அன்றைய திருவிதாங்கூரில் சான்றோர் மக்களைக் கண்டவுடனே தாழ்ந்தவர் என்று அடையாளம் தெரிய வேண்டும் என்பது சட்டம். ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. 1859இல் மேலாடைக்கு அரசாணை வந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தத் தடை நீடித்தது. அதற்கு முன்பே, 1833இல் வைகுண்டராய் வந்த அய்யா, தலைப்பாகை கட்டியே வணங்கச் சொல்லி, குனிந்த தலைகளை நிமிர்த்தினார்.

அப்படி நிமிர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று தோற்றம் பார்த்து மனிதரை ஒதுக்கலாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து தாங்கலுக்கு வருகிறவர்களில், உலை அனலில் முகம் கருத்தவர் உண்டு. தீக்காயத் தழும்பு உள்ளவரும் உண்டு. பந்தியில் அவர் பக்கத்து இலை காலியாகவே கிடந்தால், அந்தத் தர்மம் அய்யாவைச் சேருமா? வெண்புள்ளி உள்ள பெண் பரிமாற வந்தால், "நீ அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும்மா" என்று அனுப்புவது என்ன நியாயம்? வெண்புள்ளி தொற்றுநோய் அல்ல. தொட்டாலும் பரவாது, சேர்ந்து உண்டாலும் பரவாது.

பணிவிடையாளர் ஒவ்வொரு நெற்றியையும் தொட்டே நாமம் சாற்றுகிறார். அந்த விரல் நிறம் பார்த்து விலகுவதில்லை. நாமம் ஏற்ற நெற்றியை விட்டு விலகுகிறவர், அய்யாவை விட்டே விலகுகிறார்.

ஆகவே அடுத்த பந்தியில் அகப்பையை அந்தப் பெண்ணின் கையில் கொடுங்கள். காலியான அந்த இலையில் போய் உட்காருங்கள். பிறகு கண்ணாடி முன் நின்றால் முகம் தெளிவாய்த் தெரியும்.

அய்யா உண்டு!