எழுதியவரே படிக்கட்டும்

நூல் வெளியீட்டு விழா எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வரிசையாக வாழ்த்துரைகள், சால்வைகள், முதல் பிரதி பெறுபவரோடு ஒரு படம். வெளியூரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசுவார். எழுதியவருக்குக் கடைசியில் ஏற்புரை. அதில் பாதி நன்றி சொல்வதிலேயே போய்விடும். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரம் வரும். அதுவரை அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம்கூட யார் காதிலும் விழுந்திருக்காது.

பெரம்பலூரில் 2012 முதல் புத்தகத் திருவிழா நடந்து வருகிறது. அரியலூரிலும் நடக்கிறது. புத்தகம் வாங்கத் திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருந்த மக்களுக்கு இது பெரிய வரம். மாலை மேடையில் பட்டிமன்றமும் சொற்பொழிவும் நடக்கும், கூட்டம் நிறையும். பெயர் பெற்றவர்களைக் கேட்க ஊர் திரண்டு வருகிறது. இதே ஊரில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, வயலில் களை எடுத்துவிட்டு, சிமென்ட் ஆலையில் ஷிப்டு முடித்துவிட்டு இரவில் உட்கார்ந்து எழுதுகிறவரை ஊர் எப்போது கேட்கப் போகிறது?

கேட்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தமிழறிஞர் உ.வே.சாமிநாதையர் 1940இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கிய தன்வரலாறு ‘என் சரித்திரம்’ அதற்குச் சாட்சி. அவருடைய இளமையில் ஒரு பகுதி அரியலூரிலும் குன்னத்திலும் செங்கணத்திலும் கழிந்தது. அரியலூர்ச் சடகோபையங்காரிடம் தமிழின் சுவையை அறிந்தார். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடம் கேட்டார். தந்தை வேங்கட சுப்பையர் ஊர் ஊராகச் சென்று இராமாயணப் பிரசங்கம் செய்தவர். ஓர் ஊரில் பிரசங்கம் தொடங்கினால் அது முடிய நாள் பல ஆகும். அதுவரை குடும்பத்துக்கு வேண்டியதை ஊரார் பார்த்துக்கொள்வார்கள். பின்னாளில் கடனை அடைக்க வழி தேடியபோது உ.வே.சா.வே பெரம்பலூர்ப் பக்கத்துக் காரையில் திருவிளையாடற் புராணத்தைப் பிரசங்கம் செய்தார். வானம் பார்த்த பூமி இது. இங்கிருந்த சிற்றூர்கள் ஒரு நூலைக் கேட்பதற்காகத் தங்கள் மாலைப் பொழுதுகளையும் கைப்பொருளையும் கொடுத்திருக்கின்றன.

புதிதாக எழுதியவருக்கும் அப்படி ஒரு சபை இருந்தது. அரங்கேற்றம் என்பது எழுதியதை ஊரார் முன்னால் முழுக்கப் படித்துக் காட்டுவது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருப்பெருந்துறைப் புராணத்தை அரங்கேற்றியபோது, மாணவரான உ.வே.சா. பாடலைப் படிப்பார், பிள்ளை பொருள் சொல்வார். நாள்தோறும் இது நடந்தது. கேட்டவர்கள் பாட்டைக் கேட்டார்கள். பாட்டைப் பற்றிய புகழுரையை மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்பவில்லை.

அந்தச் சபைகளில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாதி பார்த்துத்தான் உட்கார வைத்தார்கள். பெண்களின் குரல் மேடைக்கு வரவில்லை. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் வேறொரு கூடத்தைக் கொடுத்தது. மாவட்ட மைய நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் யாரும் நுழையலாம், யாரும் உட்காரலாம். பழைய சபையின் கேட்கும் பொறுமை இந்தக் கூடத்துக்கு வந்து சேர்ந்தால் அதைவிட நல்ல காரியம் இல்லை.

ஊர்க்காரரின் காது ஏன் அவ்வளவு முக்கியம்? பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள் விதைக்காய்க்குப் பட்டறை போட்டு வைப்பார்கள். அடியில் காற்று புக இடம் விட்டு, மேலே மழை இறங்காமல் கீற்று வேய்ந்திருப்பார்கள். கதையில் வரும் விவசாயி அந்த வெங்காயத்தைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டதாக எழுதியிருந்தால், சென்னை வாசகர் கவனிக்க மாட்டார். பெரம்பலூர்ப் பக்கத்து எசனையிலிருந்து வந்த ஒருவர் அதே வரியில் நிறுத்துவார்: “அப்படிப் போட்டா அழுகிப் போயிடுமே தம்பி.” அந்த ஒரு சொல் கதையைத் திருத்தும். அதைவிட மேலாக, தன் வாழ்க்கை எழுத்தில் வரத் தகுந்தது என்று கேட்ட அவருக்கே அப்போதுதான் தெரியவரும்.

எழுதியவரே ஊரார் முன்னால் படிப்பதற்கு மறுப்பும் உண்டு. அது பலமான மறுப்பு. முகம் தெரிந்தவர்கள் முன்னால் படிக்க வேண்டும் என்றால் எழுத்தாளர் உண்மையை மென்று விழுங்கிவிட மாட்டாரா? எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நேர்ந்தது யாருக்கும் மறக்காது. 2010இல் வந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டிவந்தது. 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சொந்த ஊரின் கோபம் எவ்வளவு கொடியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆனால் அங்கே கை மாறிப் போனவை நாவலிலிருந்து பிய்த்தெடுத்து நகல் போட்ட சில பக்கங்கள். நாவலை முழுதாக அறிந்து கோபப்பட்டவர்கள் எத்தனை பேர்? அப்படி எழுதியவரே படிக்கும் மாலை ஒன்று நடந்திருந்தால் அந்தத் துன்பம் வந்திருக்காது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எழுதியவரின் வாயால் கேட்டு, அவரிடமே கேள்வி கேட்டுப் பழகிய ஊர், பிய்த்த பக்கத்தை நம்புவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கும்.

சிறிய கூட்டங்கள் பெரிய காரியம் செய்ததற்குத் தமிழில் முன்மாதிரி இருக்கிறது. நாகர்கோவிலில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி தன் வீட்டில் ‘காகங்கள்’ என்ற பெயரில் நண்பர்களைக் கூட்டினார். எழுதியவர்கள் படித்தார்கள், மற்றவர்கள் பேசினார்கள். தஞ்சாவூரில் எழுத்தாளர் தஞ்சை ப்ரகாஷ் ‘கதைசொல்லிகள்’ என்று ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். இரண்டுக்கும் மண்டபமோ பிளெக்ஸ் பேனரோ தேவைப்படவில்லை.

பெரம்பலூரும் அரியலூரும் இதை எளிதாகத் தொடங்கலாம். மாதம் ஒரு மாலை, நூலகத்தின் ஒரு கூடம், இரண்டு எழுத்தாளர்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் தன் எழுத்தைப் படிக்கட்டும். பிறகு அரை மணி நேரம் கேட்டவர்கள் பேசட்டும். சால்வையும் வாழ்த்துரையும் வேண்டாம். ஒரு மாதம் ஜெயங்கொண்டத்து முந்திரிக் காட்டைப் பற்றி எழுதுகிறவர், அடுத்த மாதம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஓரத்தில் வளர்ந்தவர். முதல் கவிதையோடு வரும் கல்லூரிப் பெண்ணுக்கும், மூன்று நாவல் எழுதியவருக்கும் அதே பதினைந்து நிமிடம்தான். கூட்டம் ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடிய வேண்டும். செட்டிகுளத்திலிருந்தும் செந்துறையிலிருந்தும் எழுதிக்கொண்டு வரும் பெண்கள் நேரத்தோடு பஸ் ஏற வேண்டும். அந்த நேரத்தைக் கணக்கில் வைத்துத்தான் நிகழ்ச்சி நிரலையே போட வேண்டும்.