விடுதியும் வீடும்

அசோக் நகரில் தூணைத் தாண்டி உள்தெருக்களில் நடந்தால், இரண்டு தெருவுக்கு ஒரு மகளிர் விடுதிப் பலகையாவது கண்ணில் படும். அந்தி நேரத்தில் தோள்பையும் சோர்வுமாக மாணவிகள் வந்து சேருகிறார்கள். வாசலில் ஒரு நோட்டு. அதில் கையெழுத்துப் போட்டால் 'வந்தாயிற்று' என்று பொருள். மனமும் கூட வந்ததா என்று கேட்க அந்த நோட்டில் இடம் இல்லை.

'வீடு', 'விடுதி' இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதான். சொல்லில் இருக்கும் அந்த உறவு வாழ்க்கையிலும் உண்டா?

எனக்குத் தெரிந்த விடுதிக் காப்பாளர் அம்மாள் ஒருவர் சொன்னார்: "வருஷம் முழுக்க ஒரே அழுகை இல்லை, ஸார். ஆடி மாதத்து அழுகை அம்மாவை நினைத்து. ஐப்பசி மழையில் அழுவது பரீட்சையை நினைத்து. பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்தவள் பேசாமல் இருந்தால், வீட்டில் பணமுடை என்று வைத்துக்கொள்ளலாம். சித்திரையில் யாரும் அழுவதில்லை; தூங்குவதும் இல்லை. எனக்குப் பயம் அப்போதுதான்."

சற்று மௌனமாக இருந்துவிட்டு மேலும் சொன்னார்: "ஒருத்தி நான்கு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நோட்டில் கையெழுத்து ஒழுங்காக இருந்தது. படிப்பை விட்டுவிட்டுப் பெட்டியோடு அவள் ஊருக்குப் போன பிறகுதான், அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை என்று உறைத்தது."

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13 ஆயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக அரசாங்கக் கணக்கு சொல்கிறது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை ஆராய முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணும் இரவு பகலாக இயங்குகிறது. எல்லாம் வேண்டியவைதாம். ஆனால், அந்த எண்ணைச் சுழற்றும் தெம்புகூட இல்லாதவளை யார் கண்டுபிடிப்பது?

பதினெட்டு வயது கடந்தவர்களின் அந்தரங்கத்தில் தலையிடலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. "எங்கே போயிருந்தாய்?" என்று கேட்டால் அதில் சந்தேகம் இருக்கிறது, அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். "சாப்பிட்டாயா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அவளுடைய சுதந்திரத்துக்கு அதனால் குறைவில்லை. தான் பசித்திருந்தால் கவலைப்பட ஓர் ஆள் உண்டு என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த நகருக்குப் பெயர் தந்த அசோகன் தன் பாறைக் கல்வெட்டு ஒன்றில், தான் உண்ணும்போதும் அந்தப்புரத்தில் இருக்கும்போதும்கூட மக்களின் காரியத்தைத் தன்னிடம் வந்து சொல்லலாம் என்று அறிவித்தான். ஒரு சாம்ராஜ்யத்தை ஆண்டவனுக்கு அதற்கு நேரம் இருந்தது. நாற்பது பெண்கள் வாழும் ஒரு விடுதியில் நமக்கு நேரம் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

அந்த அம்மாள் இப்போது நோட்டை வாசலில் வைப்பதில்லை. சாப்பாட்டு அறையில், சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.