இருளில் புறப்படுவோரும் இருளில் திரும்புவோரும்

கார்த்திகைத் தீபத் திருநாளில் திருவண்ணாமலையில் இருமுறை தீபம் ஏற்றப்படுகிறது. வைகறை நான்கு மணியளவில் கோயிலுக்குள்ளே பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம். இவ்வூரில் சிறு தொகையினராய் வாழும் கிறிஸ்தவர்களாகிய நாம் மொட்டை மாடியில் நின்று மலையை நோக்குவதோடு சரி. ஆயினும் நாளின் இரு முனைகளிலும் கண்விழித்திருக்கும் ஊர் இது என்பதை அறிவோம். பால் கறப்போரும் பூக்கட்டுவோரும் துப்புரவுத் தொழிலாளரும் ஒரு முனையில். தேநீர்க் கடைக்காரரும் கடைசிப் பேருந்தின் நடத்துநரும் மறு முனையில். அந்த வரிசையில் இன்று ஆலைக்குச் செல்லும் பெண்களும் சேர்ந்திருக்கிறார்கள். நம் மாவட்டத்துச் செய்யாறு சிப்காட் வளாகத்தின் காலணித் தொழிற்சாலைகளில் மட்டும் ஆயிரக்கணக்கான பெண்கள் பணிபுரிகிறார்கள்.

நம் அன்பியத்தைச் சேர்ந்த சகோதரி ஒருவர் வேறோர் ஆலையில் வேலை பார்க்கிறார். ஒரு நாள் செபக்கூட்டம் முடிந்தபின் அவர் தயங்கியபடி ஒரு கேள்வி கேட்டார். காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை ஒரு ஷிப்டு. இரண்டு முதல் இரவு பத்து வரை மற்றொன்று. எது வேண்டுமென்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். “எதை எழுதட்டும்?” என்றார்.

நாம் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. காலை ஷிப்டுதான் என்று ஒரே குரலில் சொன்னோம். வைகறையில் எழுவது நல்லொழுக்கம் என்றார் ஒருவர். ஆத்திசூடியைத் துணைக்கு அழைத்தார். மாலையில் அன்பியக் கூட்டத்திற்குத் தவறாமல் வரலாமே என்றார் இன்னொருவர். உண்மையைச் சொன்னால், நம் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இருந்த வெற்றிடங்கள்தாம் அப்போது நம் கண்முன் நின்றன.

அவர் மறுத்துப் பேசவில்லை. தம் வீட்டின் நடப்பை மட்டும் சொன்னார். ஆறு மணிக்கு ஆலைக்குள் இருக்க வேண்டுமானால் நாலரைக்குப் பேருந்து. அதற்கு மூன்றேகாலுக்கு எழ வேண்டும். ஒற்றை அறை வீடு; விளக்கைப் போட்டால் எல்லாரும் விழிப்பார்கள். தெருமுனை வரை இருட்டு, நாய்கள் வேறு. ஆகவே நீரிழிவு நோயாளியான மாமியார் எழுந்து, கையில் ஒரு கோலுடன் பேருந்து வரும்வரை துணை நிற்கிறார். திரும்பிச் சென்றபின் அவருக்கு உறக்கம் வருவதில்லை. காலை ஷிப்டை இரண்டு பேர் பார்க்கிறார்கள், ஒருவருக்குத்தான் சம்பளம்.

மாலை ஷிப்டோ வேறு விதம். அவர் வீடு திரும்பப் பதினொன்றரை ஆகும். ஆறு வயது மகன் தாயைக் காணாமலே உறங்கிப்போவான். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் அடுப்படியில் நின்றுகொண்டே பாடம் படிப்பாள். நம் முன்னோர் நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்தபோது மாலையை முல்லைத் திணைக்குத் தந்தார்கள். முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். அந்த இலக்கணத்தின் பொருள் நமக்கு அந்த வீட்டில்தான் விளங்கியது. பௌர்ணமி இரவுகளில் மட்டும் தமக்குப் பயமில்லை என்றார் அவர். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் நடந்தபடியே இருப்பார்கள். ஊரே துணைக்கு விழித்திருப்பது போல் தோன்றுமாம்.

இவ்வளவுக்குப் பின்னும், அவர் கேட்க வந்தது இதுவன்று. அவருடைய வரிசையில் வேலை செய்யும் இளம்பெண் ஒருத்திக்குக் கைக்குழந்தை இருக்கிறது. பால்குடி மறவாத பிள்ளை. மாலையில் தாயைத் தேடி அழுகிறது. காலை ஷிப்டில் ஓரிடந்தான் காலி. மூத்தவர் என்ற முறையில் இவர் கேட்டால் அது இவருக்குக் கிடைக்கும். கிடைத்தால் அவளுக்கு இல்லை. விட்டுக்கொடுக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோமா, அதற்காகத் தம் மகளின் மாலைகளைச் செலவிட ஒரு தாய்க்கு உரிமை உண்டா என்பதே அவருடைய கேள்வி. அவர் நீதியைப் பற்றிக் கேட்டார்; நாம் வசதியைப் பற்றி விடை சொல்லியிருந்தோம்.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் அன்பின் ஒழுங்கைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நமக்கு நெருங்கியவர்களுக்கே நாம் முதலில் நன்மை செய்யக் கடமைப்பட்டவர்கள் என்பது அவர் கொள்கை. ஆனால் அயலார் ஒருவர் கடுந்தேவையில் இருந்து, நம் உறவினரின் தேவை அத்தகையதன்று எனில், அயலாருக்கே முதலிடம் தர வேண்டிய சூழலும் உண்டு என்கிறார். நெருக்கமும் தேவையும் மோதும்போது எது வெல்லும் என்று பொது விதி வகுக்க இயலாது, விவேகமுள்ளவரின் தீர்ப்புக்கே விட வேண்டும் என்றும் ஒப்புக்கொள்கிறார். எல்லாவற்றுக்கும் விதி வகுத்த அம்மேதை இந்த இடத்தில் கையை விரித்தது நமக்கு ஆறுதலாகவே இருக்கிறது. ஆலைப் பேருந்தின் நெரிசலில் நின்றபடி அத்தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர் அந்தச் சகோதரிதான். கைக்குழந்தையின் பசியும் பத்தாம் வகுப்புத் தேர்வும் ஒரே தராசில் நிற்பவை அல்ல என்பது நம் கருத்து. ஆனால் அந்த மகள் நம் மகள் அல்லள் என்பதால் அப்படிச் சொல்வது நமக்கு எளிதாயிருக்கிறது.

இரண்டு ஏழைப் பெண்களைத் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள விட்டுவிட்டு, அவர்களுடைய தியாகத்தைப் புகழ்வதும் முறையாகாது. ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ என்னும் 1981-ஆம் ஆண்டுத் திருமடலில் புனித இரண்டாம் யோவான் பவுல், உழைப்பின் ஒழுங்கமைப்பு முழுவதும் மனிதரின் தேவைகளுக்கும், எல்லாவற்றிற்கும் மேலாக இல்லற வாழ்வுக்கும் ஏற்றபடி அமைய வேண்டும் என்று கற்பித்தார். சட்டமும் இந்நேரங்களைப் பற்றிக் கவலைப்பட்டதுண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இரவு ஏழு மணி முதல் காலை ஆறு மணி வரை ஆலைகளில் பெண்களை வேலை வாங்கக் கூடாதென்றது. அரசு அதைத் தளர்த்தினாலும் பத்துக்கும் ஐந்துக்கும் இடையே கூடவே கூடாதென்றது. அத்தடை சமத்துவத்திற்கு முரணானது என்று 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கி, பாதுகாப்புக்கான நிபந்தனைகளை விதித்தது. தடை, நீக்கம் இரண்டிற்கும் நியாயங்கள் உண்டு. ஆனால் சட்டத்தின் கடிகாரம் ஆலை வாசலில்தான் ஓடத் தொடங்குகிறது. மூன்றேகாலுக்கு ஏற்றப்பட்ட விளக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

திருச்சபையின் கடிகாரம் எப்படி? ஒரு காலத்தில் திருப்பலி முற்பகலுக்கே உரியது. நற்கருணை உட்கொள்வோர் நள்ளிரவு முதல் தண்ணீரும் பருகாமல் இருக்க வேண்டும் என்பது நம் பாட்டிமார் அறிந்த ஒழுங்கு. 1953 சனவரியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஓர் ஆணை வெளியிட்டு, தண்ணீர் நோன்பை முறிக்காது என்றார். மாலை நான்கு மணிக்குப்பின் திருப்பலி நிறைவேற்ற ஆயர்கள் குறிப்பிட்ட நாள்களில் அனுமதி தரவும் வழி செய்தார். அதற்கு அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று, ஆலைகளிலும் போக்குவரத்திலும் இரவு பகலாக முறைமாற்றி உழைக்கும் தொழிலாளர்கள்! 1957-இல் நோன்பு மூன்று மணி நேரமாயிற்று. 1964-இல் புனித ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். நூற்றாண்டுகளாக நின்ற வழக்கத்தை ஷிப்டுத் தொழிலாளிக்காக உரோமை நகர்த்தியது. நம் அன்பியமோ மாலை ஏழு மணியை நகர்த்தவில்லை. வைகறையில் மகதலா மரியாவுக்குத் தோன்றிய ஆண்டவர், பொழுது சாய்ந்தபின் எம்மாவு வீட்டில் அப்பத்தைப் பிட்டார் என்பதை ஆண்டுதோறும் வாசிக்கக் கேட்டும் நமக்கு இது தோன்றவில்லை.

சகோதரி மாலை ஷிப்டையே எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்திற்கு மட்டும், பிறகு மாற்றித் தர வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறார். மாற்றுவார்களா என்பது தெரியாது. இரவில் கணவர் மிதிவண்டியுடன் தெருமுனையில் நிற்கிறார். மகளின் மாலைகளுக்கு முழு விடை கிடைக்கவில்லை. அண்டை வீட்டு ஆசிரியை வாரத்தில் மூன்று நாள் அவளைத் தம் வீட்டில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லித் தருகிறார். மற்ற நாள்களில் சோறு பொங்குவது அவள்தான்.

அன்பியக் கூட்டம் இப்போது ஞாயிறு பிற்பகல் மூன்றரை மணிக்கு நடக்கிறது. உண்ட மயக்கத்தில் நம்மில் சிலர் முணுமுணுத்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் ஞாயிறன்று சகோதரி மாமியாரையும் உடன் அழைத்து வந்தார். செபமாலையின் மூன்றாம் மறையுண்மைக்குள் அந்த அம்மா சுவரில் சாய்ந்தபடி உறங்கிவிட்டார். நாம் குரலைச் சற்றுத் தாழ்த்திச் செபத்தைத் தொடர்ந்தோம்.