அரைக் கிலோ பட்டுக்கூடு

கதை எழுதுகிறவனுக்கு வேறு வேலை இருக்காது என்பது உறவினர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் பேரில்தான் மாரண்டஹள்ளியில் இருக்கும் என் தங்கை, தன் மகளின் ஒன்பதாவது பிறந்தநாளில் ஒரு பொறுப்பை என் தலையில் கட்டினாள். "வர்ற பிள்ளைங்க எல்லாம் கேக்கைத் தின்னுட்டுச் செல்போனோட உட்கார்ந்துடுதுங்க. கையாலே ஏதாவது செஞ்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போற மாதிரி ஒண்ணு யோசிச்சுச் சொல்லு, அண்ணா" என்றாள்.

காகிதக் கப்பல், களிமண், ஓலைக் காற்றாடி என்று மனம் வழக்கமான சுற்றுச் சுற்றிவிட்டுப் பட்டுக்கூட்டில் வந்து நின்றது. பாலக்கோடு வட்டாரத்தில் மல்பெரித் தோட்டத்துக்குக் குறைவில்லை; தர்மபுரியில் அரசாங்கப் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறது. கூட்டைக் கத்தரியால் இதழ் இதழாக வெட்டிச் சாயத்தில் நனைத்து நூலில் கோத்தால் அசல் பூ தோற்கும். உள்ளூர்ப் பொருள், உள்ளூர்க் கை. என் யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த தோட்டத்தில் புழு வளர்க்கிறவரிடம் போய் அரைக் கிலோ கேட்டேன். முந்நூறு கூடு தேறும். "கழிச்ச கூட்டிலேயே தர்றேன், காசெல்லாம் வேண்டாங்க. ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிடுங்க, நல்ல வெயில்லே போட்டு வச்சிடறேன்" என்றார்.

"வெயில் எதற்கு?"

"உள்ளே இருக்கிறது சாகணும் இல்லைங்களா?"

இது எனக்குத் தெரியாத செய்தியல்ல. ஒரு கூட்டில் சுமார் 1000 மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை சுற்றிக் கிடக்கிறது. பூச்சி வெளியே வந்தால் கூடு ஓட்டையாகி இழை கெட்டுப்போகும். ஆகவே அது வருவதற்கு முன்பே ஆவியிலோ அனலிலோ கொன்றுவிடுகிறார்கள். வாய்ப்பாட்டைத் தெரிந்துவைத்திருப்பது போல இதையும் தெரிந்துவைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குக் கல்யாணம் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போய்க் கொண்டிருந்தேன். காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளின் பேச்சைக் கேட்டுப் பட்டையே விட்டவர்கள் உண்டு. நான் விடவில்லை. ஆயிரக்கணக்கான கூடுகள் செத்த ஒரு புடவையைத் தங்கைக்குச் சீராகக் கொடுத்தபோது உறுத்தாத மனம், கழித்துப் போட்ட முந்நூறுக்கு ஏன் உறுத்த வேண்டும்? யோசித்துப் பார்த்ததில் காரணம் அவ்வளவு உயர்வாக இல்லை. புடவையின் கணக்கில் பலர் பெயர் இருக்கிறது. இந்த முந்நூறும் என் பெயரில் மட்டும் எழுதப்படும். அதுவும் ஒரு குழந்தை பிறந்த நாளில்.

கொல்லாமல் கிடைக்கும் கூடு உண்டா என்று விசாரித்தேன். முட்டை உற்பத்தி நிலையங்களில் கூட்டை அறுத்துப் பூச்சிக்கு வழிவிடுகிறார்கள் என்று கேட்டதும் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆறுதல் நெடுநேரம் நிற்கவில்லை. 1865-ல் பிரான்ஸில் பட்டுப்புழுக்களை அழித்த நோயை ஆராயப் போன லூயி பாஸ்டர் காட்டிய வழிதான் இன்றும் நடைமுறை. முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி, நுண்ணோக்கியில் வைத்து நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பேசாமல் காகிதக் கப்பலுக்கே திரும்பியிருக்கலாம். ஆனால் அதற்குள் தோட்டக்காரரின் மகள், என் மருமகளின் வகுப்புத் தோழி, "எங்க வீட்டுக் கூட்டிலேதான் பூ செய்யப் போறோம்" என்று பள்ளிக்கூடம் முழுவதும் சொல்லிவிட்டாள். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். அவள் அப்பா இருபத்தைந்து நாட்களுக்கு மேல் இரவென்றும் பகலென்றும் பாராமல் இலை போட்டு, பிள்ளை பெற்றவளைப் போல அந்தப் புழுக்களைக் காக்கிறார். அந்தக் காசில்தான் அவள் படிப்பும் சாப்பாடும். பட்டு உடுத்துகிற நான், அதை விளைவிக்கிற வீட்டுக் குழந்தையிடம் போய், 'உன் வீட்டுத் தொழில் பாவம்' என்பதா? அந்த ஜீவகாருண்யத்துக்கு எனக்கு யோக்கியதை கிடையாது.

நல்லவேளையாக நம்மவர்களுக்குப் பிறந்தநாள் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை வருவது இங்கிலீஷ் தேதி. நட்சத்திரப் பிறந்தநாள் பதினோரு நாள் தள்ளி வந்தது. கேக்கை நட்சத்திரத்தன்று வெட்டினால், அதற்குள் பூச்சிகள் தாமாக வெளியே வந்துவிடும். ஓட்டை விழுந்த கூடும் பூவுக்கு ஆகும். "புழுவுக்காகப் பஞ்சாங்கம் பார்த்த முதல் ஆள் நீங்கதான்" என்று மாப்பிள்ளை சிரித்தார். தேதி மாறியது.

கூடுகளை முறங்களில் காகிதம் விரித்துப் பரப்பிவைத்தோம். ஒரு வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் முதல் பூச்சி கூட்டின் நுனியை நனைத்து, பழுப்புக் கறையோடு பிதுங்கிக்கொண்டு வந்தது. மருமகள் பல் துலக்காமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். இறக்கை இருந்தும் அவற்றால் பறக்க முடியவில்லை. மனிதன் ஆயிரமாயிரம் ஆண்டுகள் வளர்த்து வளர்த்துப் பறப்பதை மறக்கடித்துவிட்டான். தின்பதற்கு உபயோகப்படும் வாயும் கிடையாது. இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டன; காகிதம் முழுக்க முட்டையிட்டன; சில நாட்களில் வதங்கிச் செத்தன. நான் வாங்கிக் கொடுத்த ஆயுள் அவ்வளவுதான்.

அதைப் பார்க்க வந்த தோட்டக்காரரின் முகம் மாறிவிட்டது. "முட்டையைக் கொளுத்திடுங்க. சோதிக்காத பூச்சி, நோய் இருந்தா முட்டையிலேயே வரும். தெருவிலே ஒருத்தர் மனையும் தப்பாது." அவர் சொன்னது முற்றிலும் நியாயம். கொல்லையில் வைத்துக் கொளுத்தினோம். பெண் பூச்சி ஒன்றுக்கு நானூறு முட்டை என்று வைத்தாலும் அறுபதாயிரம் ஆகிறது. முந்நூறைக் காப்பாற்றிய கணக்கு இது.

"முட்டைக்கு உயிர் உண்டா மாமா?" என்றாள் மருமகள்.

"உண்டு."

"அப்போ முதல்லேயே வெயில்லே போட்டிருக்கலாமே?"

பெரியவர்கள் கேட்டிருந்தால் ஏதாவது வாதாடியிருப்பேன். அவளிடம், "இருக்கலாம், எனக்கு அப்போது மனசு வரவில்லை" என்று மட்டும் சொன்னேன். இன்றும் அதைவிடச் சரியான பதில் என்னிடம் இல்லை. இன்னொரு முறை கேட்டாலும் முறத்தில்தான் பரப்புவேன் என்று தோன்றுகிறது; ஏன் என்றால் சொல்லத் தெரியவில்லை.

நட்சத்திரத்தன்று பன்னிரண்டு குழந்தைகள் வந்தார்கள். தோட்டக்காரரின் மகள்தான் தலைவி. கத்தரியை எப்படிப் பிடிப்பது, எங்கே வெட்டினால் இதழ் சுருளும் என்றெல்லாம் அவளுக்கே தெரிந்திருந்தது. நான் சாயக் கிண்ணத்தை நகர்த்துவதோடு சரி. ஒரு பையன் கூட்டைத் தூக்கிக் காட்டி, "இதிலே ஏன் ஓட்டை?" என்று கேட்டான்.

"அது பூச்சி வந்த வாசல்" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே. "எங்க வீட்டுலே விற்கிற கூட்டுக்கு வாசல் இருக்காது."

பையன் சற்று நேரம் அந்தக் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சிவப்புச் சாயம் எங்கே என்று கேட்டான். பிறந்தநாளுக்காகப் பட்டுப் பாவாடை கட்டியிருந்த மருமகள், அதில் சாயம் பட்டுவிடாமல் கிண்ணத்தை மெல்ல அவன் பக்கம் தள்ளினாள்.